கூலிச் சாட்சி

தேவகோட்டை கோர்ட்டில்
மூன்று தடவை என் பெயரைக் கூவினார் டவாலி.
சேவுகமூர்த்தி, சேவுகமூர்த்தி, சேவுகமூர்த்தி.
காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு,
பழம்பொருள் கடை.
மனுதாரர் தரப்பில் இரண்டாம் சாட்சி.

விலை சொல்வது என் தொழில்.
இடிக்கிற வீட்டு நிலைக்கு,
ஜப்பான் பீங்கானுக்கு, சுவீடன் எனாமல் தூக்குக்கு,
வருகிற ஆளின் செருப்பைப் பார்த்து விலை சொல்வேன்.
அன்றைக்குக் கூண்டில் கேட்டது
பொன்னழகிக்கு.

ஒன்பது வருஷம் என் கடைப் பின்கட்டில்
புளியும் செங்கல் பொடியுமாகப்
பித்தளை துலக்கியவள்.
தை ஐந்தாம் தேதி, விளக்கு வைக்கிற நேரம்,
பைபாஸைக் கடந்தாள்.
கடந்து முடிக்கவில்லை.
முதல் தகவல் அறிக்கையில்
‘சுமார் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்’
என்று எழுதியிருந்தது.
கையைப் பார்த்து மதித்திருப்பார்கள்.

வயசுக்கு ஒரு பெருக்கும் எண் உண்டாம்.
நாற்பத்தைந்து என்றால் பதினாலு,
நாற்பத்தாறு பிறந்துவிட்டால் பதிமூன்று.
என் கடையில் பழசாக ஆகத்தான் விலை ஏறும்.
அவள் ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி ஒன்று.
அவள் தெருவில் பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்றுதான்;
பதிய வந்த பையனுக்குச் சாப்பாட்டு அவசரம்.
குன்றக்குடியில் உத்திரத் தேர் ஓடின மறுநாள் பெற்றேன்
என்கிறாள் பெற்றவள்.
தேருக்குச் சான்றொப்பம் யார் போடுவது?
பதினெட்டு நாளில்
ஒரு வருஷக் கூலி போயிற்று.

வராந்தாவில் எங்கள் வக்கீல்
காதோடு சொன்னார்: “ஐந்நூறுன்னு சொல்லிருங்கண்ணே.
பொம்பளப் பிள்ளைக ரெண்டு.”
நான் கொடுத்தது இருநூற்றெண்பது.

இன்சூரன்ஸ் வக்கீல் சின்ன வயசு. சத்தமே போடவில்லை.
சம்பளப் பதிவேடு உண்டா? இல்லை.
வவுச்சர்? இல்லை.
பி.எஃப்.?
என் கடை எவ்வளவு பெரிசு என்று அவருக்குத் தெரியாது, பாவம்.
இல்லை.
ஒவ்வொரு ‘இல்லை’க்கும் தட்டச்சு இயந்திரம்
ஒரு வரி இறங்கியது.
“தினக்கூலி ஐந்நூறு என்று
இந்த வழக்குக்காகப் பொய் சொல்கிறீர்கள் என்கிறேன்.”
“சரியல்ல” என்றேன்.

பொய்தான்.
ஆனால் நாக்கில் வந்தபோது
பொய் மாதிரி இல்லை.
அதற்கு முந்தின தீபாவளிக்கு
முந்நூற்றைம்பது கேட்டாள், தலை நிமிராமல்,
ஒரு குத்துவிளக்கின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.
பார்க்கலாம் என்றேன்.

தீர்ப்பு வர இரண்டு வருஷம்.
ஆதாரமில்லாததால் மாதம் ஒன்பதாயிரம் என்று வைத்தார் நீதிபதி.
அதிலும் மூன்றில் ஒரு பங்கு கழிவு:
உயிரோடிருந்தால் தனக்கென்று செலவழித்திருப்பாளாம்.
நாலு மணி டீயோடு வருகிற வடையைத்
தினத்தந்தியில் மடித்து
இடுப்பில் செருகிக்கொள்வாள், சின்னவளுக்கு.
அந்த வடை எந்தப் பங்கில் சேரும்
என்று யாரைக் கேட்க?

நகல் கிடைத்த அன்று பெரியவள் கடைக்கு வந்தாள்.
சுகப்பிரியா. அழகப்பாவில் பி.காம். முடிக்கப் போகிறாள்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
என் சாட்சியம் இருந்த பக்கத்தை
மடித்து வைத்திருந்தாள்.

“நெசமாவே ஐந்நூறா குடுத்தீங்க?”

தலை தானாக ஆடியது.

“ராத்திரி எண்ணுறப்ப
இருநூத்தி எம்பதுதான் இருக்கும்.”
குரலில் கோபம் இல்லை.
கணக்குப் படிக்கிற பிள்ளை,
நேராகாத கணக்கைப் பார்க்கிற மாதிரி
என்னைப் பார்த்தாள்.

“மிச்சத்த அம்மா எங்க வச்சிருக்கும்?
அரிசிப் பானை வரைக்கும்
தேடிட்டோம், ஐயா.”